நாலு வீட்டுக்கும் ஒரே முகட்டு வளை

நேற்றுக் காலை எங்கள் கட்டிடத்தின் நிலவறையில் தண்ணீர்க் குழாய் ஒன்று வெடித்துவிட்டது. ஒஸ்லோவில், ட்வெய்ட்டாவின் இந்த மாடிக் கட்டிடங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் சாமான் வைக்க ஒரு சின்ன அறை உண்டு, உனக்குத் தெரியும். நான் இறங்கிப் போனபோது தண்ணீரை இறைத்து முடித்திருந்தார்கள். சுவரின் அடிப்பகுதியில் சுண்ணாம்பு ஊறி உதிர்ந்துகொண்டிருந்தது. ஊறிய சுண்ணாம்பும் பழைய மரமும் சேறும் கலந்த அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. பக்கத்து வீட்டு நோர்வேக்காரப் பெண், “உடம்புக்கு முடியவில்லையா?” என்று கேட்டு என் முழங்கையைப் பிடித்தாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு மேலே வந்தேன். என் அறையில் எத்தனை பெட்டி நனைந்தது என்றுகூடப் பார்க்கவில்லை.

அது இங்கிலாந்தில் உன்னுடைய ஊரின் மணம். வெள்ளம் வடிந்த பிறகு அந்த ஆற்றங்கரை முழுக்க அப்படித்தான் மணத்தது.

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு என்னிடம் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

நோர்வேயின் வடக்கே, மீன் பதனிடும் ஆலையில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் நின்று மீன் துப்புரவாக்கிய காலத்தில் நாங்கள் எதையும் மறைத்ததில்லை. கையுறைக்குள் விரல் விறைக்க விறைக்க, ஊரில் யார் யாரைக் கட்டினார்கள் என்பதிலிருந்து எங்களுக்கு வந்த கெட்ட கனவுகள் வரை எல்லாம் கதைத்தோம். பிறகு நான் ஒஸ்லோவுக்கு வந்தேன். நீ கலியாணம் முடித்து, நோர்வேக் கடவுச்சீட்டோடு இங்கிலாந்துக்குப் போனாய். முதலில் லண்டன். பிறகு ஒருநாள் தொலைபேசியில், “நாங்கள் ஒரு கடை எடுத்திட்டம். ஊரிலை நூறு வீடுகூட இல்லை. ஆனால் ஆறு இருக்கு” என்றாய். ஆறு இருக்கு என்று சொன்னபோது உன் குரலில் இருந்த பெருமையை அன்று நான் விளங்கிக்கொள்ளவில்லை.

முதல் தடவை உன்னிடம் வந்தபோது நீ எனக்குத் தேநீர் தருவதற்கு முன்னால் ஊரைக் காட்டினாய். ஐந்து வளைவுக் கல்பாலம், ஒரு வண்டி மட்டும் போகலாம். பாலம் வருமுன் அங்கே தோணித்துறை இருந்ததாம். தோணிக்காரன் குடியிருந்த வீடுதான் உன்னுடைய கடை. மேட்டில் சதுரக் கோபுரத்தோடு தேவாலயம். ஆற்றோரம் தண்ணீரால் சுழன்ற பழைய மாவாலை. பாலத்தடியிலிருந்து மேட்டுக்கு ஏறும் சந்தில் ஒட்டினாற்போல நாலு சின்ன வீடுகள். “இது நாலு வீடில்லை” என்றாய். “ஒரு நீட்டுக் களஞ்சியம். பியர் காய்ச்சிறதுக்குப் பார்லியை முளைக்கவைச்சுக் காயவிட்ட இடம். ஆத்திலை வள்ளம் வந்து ஏத்திக்கொண்டு போகும். ரயில் வந்து வள்ளம் நிண்டு போன பிறகுதான் இதை நாலாகப் பிரிச்சவை. மேலை பார், நாலு வீட்டுக்கும் கூரை உச்சியிலை ஒரே மரம், ஒரே முகட்டு வளை.”

நான் அண்ணாந்து பார்த்தேன். ஓட்டுக்கூரை கொஞ்சமும் முறியாமல் நேராக ஓடியது. சந்து மட்டும் ஆற்றை நோக்கிச் சரிந்தது. மேல் வீட்டுக்கு வாசலில் படியே இல்லை, நாலாம் வீட்டுக்கு வாசல் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது.

எனக்குக் குளிர்ந்தது. சலிப்பாகவும் இருந்தது. “இவையின்ரை கட்டிட வரலாறு உனக்கென்னத்துக்கு? எங்கடை ஊர்க் கோயிலை ஆர் கட்டினதெண்டு உனக்குத் தெரியுமே?” என்று கேட்டுவிட்டேன். நீ கோபிக்கவில்லை. “தெரியாது. இனிக் கேக்கவும் அங்கை ஆளில்லை. அதாலைதான் இருக்கிற இடத்தையாவது தெரிஞ்சுவைக்கிறன்” என்றாய்.

ஒவ்வொரு முறை வரும்போதும் உன்னிடம் புதிதாக ஏதாவது இருந்தது. தேவாலயத்துப் பெட்டியில் கிடந்த வரைபடத்தின் நகல். மாவாலைச் சுவரில் வெட்டியிருந்த வெள்ளக் கோடுகள். முன்னோர்கள் ஒவ்வொரு பெருவெள்ளத்துக்கும் ஒரு கோடு வெட்டியிருந்தார்கள். ஆண்டுகள் பாதி தேய்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் மேலே இருந்த கோடு என் தோளுக்கு வந்தது. நீ அதோடு விடவில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதுபோல ஒளி ஊடுருவும் குழாய்க்குள் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை என் கையில் தந்து அந்தக் கோட்டில் பிடிக்கச் சொன்னாய். மறுமுனையை இழுத்துக்கொண்டு நீ சந்துக்குப் போனாய். தண்ணீர்மட்டம் போய் நின்ற இடம் நாலாம் வீட்டின் ஜன்னல் விளிம்பு.

அந்த வீட்டு வாசலில் நின்று ஆர்தர் பார்த்துக்கொண்டிருந்தார். படகுகளை ஏற்றி இறக்கும் மதகில் நாற்பது வருடம் வேலைசெய்து ஓய்வு பெற்றவர், தனி ஆள். “என் ஜன்னலுக்குத் திரைச்சீலை அளக்கிறாயா?” என்று கேட்டார். நீ விளக்கமாகச் சொன்னாய். “அந்தக் காலத்தில் மேலே அணைக்கட்டு இல்லை. எனக்கு இந்த ஆற்றைத் தெரியும். ஐந்து வருடம் பாலும் பத்திரிகையும் விற்றால் ஆறு தெரிந்துவிடாது” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அதற்கு முந்திய குளிர்காலத்தில் நீ ஒருமுறை எல்லாரையும் எழுப்பிச் சாமான்களை மாடிக்கு ஏற்றச் சொன்னதும், தண்ணீர் வீதியைத் தொட்டுவிட்டுத் திரும்பியதும் எனக்குப் பிறகுதான் தெரியும். கடைக்கு வருகிறவர்கள், “இன்றைக்கு வள்ளம் கட்டவேண்டுமா?” என்று சிரித்தார்களாம். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாயாம். உன் மனுசன் சொன்னார், அந்த மாதம் முழுக்க நீ சரியாகச் சாப்பிடவில்லை என்று.

பெருவெள்ளம் வந்த அந்தப் பெப்ரவரியில் நான் உன்னிடம் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. மூன்று நாளும் மழை. நாலாம் நாள் பின்னேரம் எனக்கு விமானம். காலையில் உன் மனுசன் கடைக்குச் சாமான் எடுக்க நகரத்துக்குப் போயிருந்தார். நீ கடை வாசலில் நின்று பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். வானொலியில் எச்சரிக்கை சொன்னார்கள். ஆனால் வீட்டை விட்டு வெளியேறச் சொல்லவில்லை.

“கரையிலை இருக்கிற சின்ன வளைவு நிரம்பிப்போச்சு” என்றாய். “அதுக்குள்ளை தண்ணி போறதே இல்லை. வெள்ளத்துக்கெண்டு விட்ட வளைவு.”

“பாலம் மூடினால் நான் எப்படிப் போறது? இப்பவே டாக்சியைக் கூப்பிடு.”

நீ என் முகத்தைப் பார்த்தாய். “போறதெண்டால் போ. நான் மறிக்கேல்லை. ஆனால் எனக்கு இண்டைக்கு இன்னொரு சோடிக் கால் வேணும்.”

நான் சப்பாத்தை மாற்றினேன். உன் மனுசனின் பெரிய ரப்பர்ச் சப்பாத்து. எல்லாரையும் மேட்டில் சேர்த்து வைக்க நீ தேவாலயத்துத் திறப்பை எடுத்துக்கொண்டாய். மாவாலைப் பக்கமும் முதியோர் குடியிருப்பும் உனக்கு, சந்து எனக்கு.

“நாலு கதவு. நாலையும் தட்டு. பதில் வருமட்டும் நில்” என்றாய். “சிரிச்சால் சிரிக்கட்டும்.”

மேல் வீட்டில் ஒரு தாய், கைக்குழந்தை. அவள் ஒன்றும் கேட்காமல் குழந்தையைப் போர்த்திக்கொண்டு, கதவைப் பூட்டித் திறப்பையும் என் கையில் தந்துவிட்டு நடந்தாள். இரண்டாம் வீட்டில் கணவனும் மனைவியும் முறைத்தார்கள், ஆனால் வந்தார்கள். மூன்றாம் வீட்டுப் பெண் பூனையைக் கூட்டுக்குள் அடைக்க நேரம் எடுத்தாள். அவள் மேட்டில் ஏறியதும் நான் கீழே திரும்பினேன்.

மூன்றாம் வீட்டுக்கும் நாலாம் வீட்டுக்கும் நடுவில் சந்து தாழ்ந்து போகிற இடத்தில் தண்ணீர் வந்துவிட்டது. மண்ணிறத் தண்ணீர். சத்தமே போடாமல், ஆனால் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் கதிரை என் முன்னால் சுழன்று போயிற்று. ஆர்தரின் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. தண்ணீர் முழங்காலளவுதான் இருந்திருக்கும். கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். நான் கூப்பிடவும் இல்லை. வாயைத் திறந்தால் அந்தத் தண்ணீர் என்னைக் கவனித்துவிடும் என்பதுபோல ஒரு பயம். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பி மேட்டில் ஏறினேன்.

எனக்கு நீந்தத் தெரியாது, அந்நிய ஊர், பின்னேரம் விமானம் என்று நான் காரணம் சொல்லலாம். அதெல்லாம் உண்மைதான். அவற்றில் ஒன்றும் அந்தப் பத்தடியைக் கடக்க உதவாது.

தேவாலயத்துக்குள் நீ ஆட்களை எண்ணிக்கொண்டிருந்தாய். தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்தது. “ஆர்தர் எங்கை?” என்றாய்.

“ஆளில்லை.”

“தட்டினனீயோ?”

“ஓம், தட்டினனான்.”

“அப்ப தங்கச்சி வீட்டை போயிட்டார் போலை” என்று சொல்லி நீ மூச்சு விட்டாய். நான் ஒரு வாங்கில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் பூனைக்கூடு. அந்தப் பூனை என்னையே பார்த்தது.

ஐந்து நிமிடம் போயிருக்காது. நீ வாசலுக்குப் போய்க் கீழே பார்த்தாய். நானும் எழும்பி வந்தேன். கூரைகள் வரிசையாகத் தெரிந்தன. கடைசிப் புகைபோக்கியிலிருந்து புகை போய்க்கொண்டிருந்தது. ஆற்றில் பாலத்தின் வளைவுகள் நெற்றி மட்டும்தான் தெரிந்தன.

நீ புகையைப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

“நான் அவரின்ரை கதவுக்குப் போகேல்லை” என்றேன். “தண்ணியைக் கண்டு திரும்பிட்டன்.”

உன் முகம் மாறியது. அதை நான் மறைத்து எழுதப்போவதில்லை. ஒரு கணம் எனக்கு அறை விழும் என்று நினைத்தேன். பிறகு நீ கண்ணை மூடித் திறந்து, “சரி. வா, போவம்” என்றாய்.

சந்தில் இறங்க முடியவில்லை. நாலாம் வீட்டு வாசல் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. மீட்புக்காரரின் படகு மாவாலைப் பக்கம் வந்துவிட்டது என்றும் இங்கே வர நேரமாகும் என்றும் தொலைபேசியில் சொன்னார்கள். “நேரமில்லை. அந்தக் கடைசிச் சுவர் பழைய சுவரில்லை” என்றாய். “அங்கை பார்லி வறுத்த சூளை இருந்தது. அதை இடிச்சுப்போட்டு ஒற்றைச் செங்கல்லிலை பிறகு கட்டின சுவர். அத்திவாரமும் இல்லை.” அப்போதுதான் நீ என் கையைப் பார்த்தாய். மேல் வீட்டுத் திறப்பு இன்னும் என் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. “நாலு வீட்டுக்கும் ஒரே கூரை. உள்ளாலை போவம்” என்றாய்.

மேல் வீட்டு வாசலில் தண்ணீர் இல்லை. நிலக்கரிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுத்தியல் இருந்தது. மாடியில் கூரைக்குள் ஏறும் மூடியைத் திறந்து ஏணியை இழுத்தாய். உள்ளே இருட்டு, தூசி, கைத்தொலைபேசியின் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் முகட்டு வளை எங்கள் தலைக்கு மேலே ஓடிப்போய் ஒரு பலகைத் தடுப்புக்குள் நுழைந்தது.

“குறுக்கு மரத்திலை மட்டும் கால் வை. நடுவிலை வைச்சால் கீழை விழுந்திடுவாய்.”

முதல் தடுப்பு சுத்தியலின் ஐந்தாறு அடியில் உடைந்தது. மெல்லிய பலகையும் சுண்ணாம்பும்தான். நீ சொன்னபடியே அடுத்த வீட்டின் கூரை எங்கள் முன்னால் திறந்து கிடந்தது. இரண்டாம் தடுப்பை நான் உடைத்தேன். மூன்றாம் வீட்டுக்கு மேல் என் இடது கால் வழுக்கிச் சுண்ணாம்பைத் துளைத்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கியது. பூனைக்காரப் பெண்ணின் படுக்கையறைக்குள் என் ரப்பர்ச் சப்பாத்து தொங்கியது. நீ என் அக்குளைப் பிடித்து இழுத்தாய். அப்போது எங்களுக்குக் கீழே, எங்கேயோ, கல் நெரிபடுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேரும் அசையாமல் இருந்தோம். சத்தம் நின்றதும் நீ மூன்றாம் தடுப்பை உடைக்கத் தொடங்கினாய்.

ஆர்தர் மாடிப்படியின் உச்சியில் உட்கார்ந்திருந்தார். நாலு படிக்குக் கீழே தண்ணீர். கூரை மூடி திறந்து உன் முகம் தெரிந்ததும், “இந்த வழியாக யாரும் வருவதில்லையே” என்றாராம். மேசையில் கதிரையை ஏற்றி, அவரை அதில் ஏற்றி, நீ கீழேயிருந்து தள்ள நான் மேலேயிருந்து இழுத்தேன். ஒரு முழங்கால் மடங்காத மனிதர். இரண்டுமுறை வழுக்கினார். இரண்டாம் முறை அவருடைய முழுப் பாரமும் என் மணிக்கட்டுகளில் இருந்தது. “விடாதை, விடாதை” என்று நீ தமிழில் கத்த, அவர் ஆங்கிலத்தில் எதையோ வேண்டிக்கொண்டிருந்தார். நான் விடவில்லை.

மேல் வீட்டு வாசலால் வெளியே வந்தபோது இன்னும் பகல் வெளிச்சம் இருந்ததே எனக்குப் புதினமாக இருந்தது. தேவாலயத்தில் அவருக்குப் போர்வை சுற்றிக்கொண்டிருக்கும்போது பெரிய சத்தம் ஒன்று கேட்டது. நாலாம் வீட்டின் கடைசிச் சுவர் ஆற்றுக்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு உன்னைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் எல்லாரும் கேட்டார்கள், ஆர்தரை எப்படி விட்டுப்போனது என்று. நான் வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டு, “இவள் தட்டினவள். மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னாய். சொல்லும்போது என்னைப் பார்க்கவேயில்லை.

ஒஸ்லோவுக்கு வந்த பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி குறுகிக்கொண்டே போனது. கறி என்ன, குளிர் எப்படி, பிள்ளைகள் சுகமா. நீ மன்னித்துவிட்டாயா, அல்லது என்னைப் பற்றிய ஒரு கணக்கை முடித்து மூடிவிட்டாயா என்று தெரியாமல், உன் இலக்கம் திரையில் தெரியும்போதெல்லாம் இரண்டு மூன்று மணி அடிக்கவிட்டுத்தான் எடுத்தேன். சில ஞாயிறுகளில் எடுக்கவில்லை. உனக்கு நோய் என்று உன் மனுசன் சொன்னபோது, எடுக்காத அந்த ஞாயிறுகள்தான் முதலில் ஞாபகம் வந்தன.

வைத்தியசாலைக்கு வந்தேன். கட்டிலருகே இருந்து, “அண்டைக்கு நான்...” என்று தொடங்கினேன். நீ கையை உயர்த்தி மறித்தாய். “உன்ரை மகளின்ரை புது வீட்டுப் படம் காட்டு” என்றாய். ஒஸ்லோவின் மோர்டென்ஸ்ருட்டில் அவள் வாங்கிய வரிசை வீட்டைக் காட்டினேன். நீ விரலால் பெரிதாக்கிப் பார்த்து, “கூரை எல்லாருக்கும் பொதுவோ?” என்று கேட்டாய். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அதற்குப் பிறகு நாங்கள் கதைத்தது தண்ணீர் வேண்டுமா, ஜன்னலை மூடவா என்பவைதான்.

உன் செத்தவீட்டுக்கு ஊரே வந்தது. ஆர்தர் தடியை ஊன்றி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்தார். “நீங்கள் தட்டினீர்கள் என்று அவள் சொன்னாள். எனக்குக் காது கேட்கவில்லை, மன்னியுங்கள்” என்றார். நான் தலையாட்டினேன். ஒரு பொய்யை இரண்டாம் முறை சொல்வதற்கு வாயே தேவைப்படவில்லை.

மூன்று கிழமைக்கு முன் உன் ஊரிலிருந்து ஒரு மின்மடல் வந்தது. மாவாலைச் சுவரில் புதுக் கோடு வெட்டப் போகிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. கட்டிடங்களின் வரலாறு, நீ கண்டுபிடித்தபடி. கடைசிப் பந்தியில் அந்த நாள். உன் பெயர், பிறகு “வீடு வீடாகத் தட்டிய நோர்வேத் தோழி” என்று நான். பிழை இருந்தால் திருத்தித் தரும்படி கேட்டிருந்தார்கள். மூன்று கிழமையாக அதற்குப் பதில் போடாமல் வைத்திருந்தேன். தேய்ந்துபோன ஒரு எண் ஐந்தா ஆறா என்று பார்க்க நீ மூன்றுமுறை ஆவணக் காப்பகத்துக்குப் போனவள். உன் சுவரில் என் பொய்.

நேற்று நிலவறையிலிருந்து ஏறி வந்து, ஈரச் சப்பாத்தைக் கழற்றாமலே ஆர்தருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரே மூச்சில் சொன்னேன். நான் தட்டவில்லை. பத்தடியில் நின்று திரும்பிவிட்டேன்.

“தெரியும்” என்றார் அவர். “நான் மாடி ஜன்னலில் நின்றேன். நீங்கள் நிற்பதைப் பார்த்தேன். தட்டினால் திட்டி அனுப்புவதென்று இருந்தேன். நீங்கள் திரும்பியபோது நான் வென்றதாக நினைத்தேன்.”

“அப்படியானால் செத்தவீட்டில் ஏன்...?”

“அப்படிச் சொல்லும்படி அவள் கேட்டாள். அந்தக் கூரைக்குள் நீங்கள் முன்னால் போக, பின்னால் தவழ்ந்து வரும்போதே கேட்டாள். அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது. ‘அவள் திரும்பி வந்தாள், அது போதும்’ என்றாள்.”

நீ என்னை எடைபோட்டுக்கொண்டிருந்தாய் என்று நான் பயந்த எல்லா ஞாயிறுகளிலும் நீ சும்மா என் சுகம்தான் விசாரித்திருக்கிறாய்.

பலகையைத் திருத்தச் சொன்னேன். “அதற்கெல்லாம் அதில் இடம் காணாது” என்றார் ஆர்தர். “கோடு வெட்டுகிற அன்று யாராவது எழும்பிக் கதைக்கவேண்டும். நான் கதைத்தால் ஒருவருக்கும் விளங்காது. நீங்கள் வாருங்கள்.” ஓம் என்றேன். பலகையிலிருந்து அந்த ஒரு வரியை எடுத்துவிடும்படி இன்று காலை எழுதியும் அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை வருகிறேன். சமையலறையில் நடந்து நடந்து ஆங்கிலத்தில் கதைத்துப் பழகுகிறேன். முதல் வசனம் ஒவ்வொருமுறையும் சரியாக வருகிறது: நான் அந்தக் கதவைத் தட்டவில்லை. இரண்டாம் வசனத்தில் நீ வருகிறாய். அதை இன்னும் ஒருமுறைகூட என்னால் சொல்லி முடிக்க முடியவில்லை.